கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தவர்

"இருங்க டீச்சர், நான் அக்கட்ட தள்ளிக்கறனுங்க."

அந்த அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வாக்கியமும் இதுதான். ஆனால் அதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் டீச்சராகச் சேர்ந்த புதிது. நான் சேலத்துக்காரி, செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஆட்டோவுக்கு ஒதுங்கி ஒதுங்கியே வளர்ந்தவள். சோளக்காட்டுக்கு நடுவில் தனியாக நின்ற ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறினேன். எதிரே கீழ் வீட்டு அக்கா இறங்கி வந்தார். அந்தப் படிக்கட்டு அவர் ஒருவருக்கே சரியாக இருந்தது. திரும்பி மேலே போவார் என்று நினைத்தேன். அவரோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, வயிற்றை இரண்டு கையாலும் அணைத்து எனக்கு வழி விட்டார். நான் கடந்து போனபின் பார்த்தால் சேலையின் முதுகெல்லாம் சுண்ணாம்பு. பிறகு நான் அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் அவர் முதுகில் அந்த வெள்ளை இருந்தது.

பெரிய உடம்புக்காரர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் எனக்கு இஷ்டமில்லை, அவருக்கும் இருந்ததில்லை. டவுன் பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுதான் வருவார். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில், இலை வரிசையின் கோடியில் உட்காருவார். குடும்பப் போட்டோக்களில் ஓரமாக ஒரு தோளும் பாதி முகமும் தெரியும், அதுதான் அவர். யாரும் அவரை நகரச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்வதற்கு முன்னாலேயே நகர்ந்துவிடுவார். எனக்குச் சில நேரம் எரிச்சலாக வரும். உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார உங்களுக்கு என்ன கூச்சம் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "பழகிப்போச்சுங்க டீச்சர்" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் ரிக் வண்டி வைத்திருந்தார். போர்வெல் போட வண்டியை ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் மாசக் கணக்கில் அங்கேதான். பிள்ளைகள் இல்லை. கீழ் வீட்டில் அக்காவும் மாமியாரும் மட்டும். உலகத்திலேயே அந்த அக்காவைத் தள்ளி நிற்கவிடாத ஒரே ஆள் அந்த மாமியார்தான்.

மாமியாருக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கொல்லைக்குப் போக, குளிக்க, சாயங்காலம் காட்டைச் சுற்றி ஒரு நடை போக, எல்லாவற்றுக்கும் மருமகள்தான். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கமாட்டார். மருமகளின் இடது இடுப்பில், ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவில் இருக்கும் மடிப்பைப் பிடித்துக்கொள்வார். அந்த மடிப்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு இருந்தது. நடக்கும்போதெல்லாம் மாமியாரின் கட்டைவிரல் அதை உருட்டிக்கொண்டே வரும்.

"அத்தைக்கு அது ரேடியோ திருகறாப்பலங்க" என்பார் அக்கா. "திருகிட்டிருந்தாத்தான் பேச்சு வரும்."

உண்மைதான். மாமியாரின் பேச்சு நிற்கவே நிற்காது. "ஏஞ் சாமி, மேக்க மேகம் கட்டியிருக்குதா? ஏஞ் சாமி, டீச்சரம்மா சாப்புட்டாங்களா?" என்று சாமிக்கு மேல் சாமி போட்டுப் பேசுவார். தாயில்லாத பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்தவர் அக்கா. அவரைச் சாமி என்று கூப்பிட இந்த பூமியில் வேறு ஆள் கிடையாது.

மூட்டு வலி, மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து, கடைசியில் இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் செய்துகொண்டார். அது நான் குடிவந்த வருஷமே நடந்தது. சாப்பாடு குழந்தைச் சாப்பாடானது. எடை கரைந்துகொண்டே போனது. உள்ளே இருந்தது கரைந்ததே தவிர, தோல் கரையவில்லை. அரிசி தீர்ந்த சாக்கு மாதிரி அடிவயிறு தொடைவரைக்கும் தொங்கியது. இடுப்பைச் சுற்றிலும் தொங்கியது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண் வந்து, பவுடரும் களிம்புமாக வெள்ளைத் துணியை மடித்துச் சொருகிக்கொண்டு நடப்பார்.

"ஆளு போயாச்சு டீச்சர், ஊடு மட்டும் தொங்குது" என்றார் ஒருநாள்.

அந்தத் தோலை எடுத்துவிட்டு, இடுப்பைச் சுற்றித் தைத்து, உடம்புக்கு ஒரு வடிவம் கொண்டுவரலாம் என்றார் சேலத்து டாக்டர். அதற்கு நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். நாங்கள் தோல் ஆபரேஷன் என்றோம்.

அதற்குத் தயாராவதே ஒரு தனிக் குடித்தனம். சில மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள், சிலவற்றைச் சேர்க்கச் சொன்னார்கள். ரத்தம் ஊற வேண்டும், புரதம் ஏற வேண்டும் என்றார்கள். நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கு என்ன பஞ்சம். வெள்ளைக்கருவைத் தின்று தின்று, கோழியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உறிஞ்சினால் பந்துகள் எழும்ப வேண்டும். அவர் உறிஞ்சுவார், பந்துகள் டக் டக்கென்று மேலே முட்டும். பக்கத்தில் உட்கார்ந்து மருவைத் திருகிக்கொண்டிருக்கும் மாமியார், "என்ன சாமி சத்தம், யாரு வந்திருக்கறது?" என்பார்.

"யாருமில்லீங்கத்தை. தொங்கறதை எடுத்துப்போடப் போறாங்களாமா, அதுக்கு."

மாமியாரின் கட்டைவிரல் நின்றது. "அப்பறம் நான் எதைச் சாமி புடிச்சுக்கறது?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். "கையப் புடிச்சுக்குங்க அத்தை" என்றார் அக்கா. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

டாக்டரிடம் அக்கா ஒரு விஷயம் கேட்டார். எடுக்கிறதை எங்களிடமே கொடுத்துவிடுவீர்களா என்று. அதெல்லாம் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புவோம் என்றார் டாக்டர். காலை எடுத்தால் வாங்கிக்கொண்டு போய்ப் புதைக்கிறவர்கள் உண்டு, தோலையும் கொழுப்பையும் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

"எல்லாத்துக்கும் எடம் உட்டு உட்டுத்தானுங்க நான் இருந்தேன். இத்தன வருசம் கூட இருந்ததுங்க அது. அதுக்கு ஒரு எடம் உடோணுமில்லீங்களா?" என்றார் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சரி என்றுவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் அவரை நிற்க வைத்து, பேனாவால் உடம்பில் கோடு போட்டார்கள். எங்கே வெட்டுவது, எதை எதோடு சேர்ப்பது எல்லாம் அந்தக் கோட்டில் இருந்தது. துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். வீடு கட்ட மனையில் கோடு போடுகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா கேலி செய்துகொண்டிருந்தார். பேனா இடது இடுப்புக்கு வந்தது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மரு நடுவில் மாட்டிக்கொண்டது.

அக்கா குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"டாக்டருங்க, இந்தக் கோட்டைக் கொஞ்சம் அக்கட்ட தள்ளிப் போடலாமுங்களா?"

தனக்காக இன்னொன்றைத் தள்ளச் சொல்லி அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். முடியாதும்மா, இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்றார் டாக்டர். "சரிங்க, பரவால்லீங்க" என்று உடனே ஒத்துக்கொண்டார் அக்கா.

நல்லபடியாக முடிந்தது. அன்று முழுக்க அவரைத் தீவிர சிகிச்சையில் வைத்துக்கொள்வோம், துணை வேண்டாம் என்றார்கள். மத்தியானத்துக்கு மேல் என் கையில் ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வாடகைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு மல்லூர் தாண்டி வந்தேன். மீனுங்களா என்று கேட்டார் டிரைவர். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

காட்டு மூலையில், அக்காவின் மாமனாரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், காட்டு வேலைக்கு வரும் அண்ணன் குழி வெட்டி வைத்திருந்தார். மாமியார் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம் அரிசியும் மஞ்சளும். நான் பெட்டியைத் திறந்து, கட்டியிருந்த பையை வெளியே எடுத்தேன்.

"குடுங்க டீச்சரம்மா. நான் ஒருக்காத் தொட்டுக்கறேன்."

வேண்டாம் பெரியம்மா என்றேன்.

"எம்பட மருமவளை நான் தொடக்கூடாதுங்களா?"

பையைப் பிரிக்காமல் அப்படியே அவர் மடியில் வைத்தேன். கனமான பை, ஐஸில் இருந்ததால் சில்லென்றிருந்தது. அவர் விரல்கள் பிளாஸ்டிக்கின் மேல் ஊர்ந்தன. மாவு பிசைகிற மாதிரி இல்லாமல், தூங்குகிற குழந்தையைத் தடவுகிற மாதிரி மெதுவாக. ஓர் இடத்தில் நின்றன. கட்டைவிரல் உருள ஆரம்பித்தது. பிளாஸ்டிக்குக்குள் அந்த மரு இருந்தது.

"சாமீ" என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டார்.

நானும் அழுதேன். அழுகிறபோதே இது கொஞ்சம் ஓவராகத்தான் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அவர் அரிசி போட்டார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார், மண் தள்ளினார். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் பால் கொண்டுபோய் ஊற்றினார். எங்கள் வீட்டில் கல்லறைத் திருநாளுக்குப் போவோம். கடைசி நாளில் எல்லாரும் உடம்போடு எழுந்திருப்போம் என்று சின்ன வயசில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மேட்டைப் பார்த்தபோது, அக்கா எழுந்தால் எந்த உடம்போடு எழுந்திருப்பார் என்று ஒரு விபரீத யோசனை வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அக்கா வீடு திரும்பிய நாளை மறக்க மாட்டேன். வயிற்றை இழுத்துத் தைத்திருந்ததால் நிமிர முடியாது, கூன் போட்டுத்தான் நடந்தார். மார்புக்குக் கீழே தொடங்கித் தொடைவரைக்கும் இறுக்கமான பெல்ட். அதன் ஓரமாக வெளியே வந்த குழாயில் சிவப்பாக நீர் வடிந்து ஒரு குப்பிக்குள் சேர்ந்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொள்ள வேண்டும். அப்படியே காரிலிருந்து இறங்கி, நேராக மாமியாரின் கட்டிலுக்குப் போய், நுனியில் உட்கார்ந்தார். மாமியாரின் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்தார்.

"வந்துட்டனுங்கத்தை."

கை பெல்ட்டைத் தொட்டது. மேலே போனது, கீழே வந்தது, கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தடவியது. மடிப்பைத் தேடியது. பிறகு சூடு பட்ட மாதிரி விலகி மடிக்குள் போய்விட்டது.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

அந்த 'ங்க'தான் என்னை உலுக்கியது. மருமகளிடம் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

"நாந்தானுங்கத்தை. உங்க மருமவ."

"எம்மருமவ போயிட்டாளுங்க. காட்டு மூலைல நானேதான் அரிசி போட்டேன். டீச்சரம்மாவும் இருந்தாங்க, கேட்டுப்பாருங்க."

முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு அலைச்சல், அதிர்ச்சி என்று நினைத்தோம். ஒரு வாரம் போனபின் நினைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மற்ற எதிலும் அந்த அம்மாவுக்கு ஒரு பிசகும் இல்லை. ரிக் வண்டி எந்த மாசம் கிளம்பியது, கேஸ் சிலிண்டர் எப்போது மாற்றியது எல்லாம் கேட்டால் சொல்வார். பார்க்க வந்த டாக்டர், வயசாச்சு அல்லவா என்று அவருக்கே நம்பிக்கையில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

குரல் அதே குரல்தானே பெரியம்மா என்று நான் வாதாடினேன்.

"கொரலு போன்ல கூடத்தான் வருது டீச்சரம்மா. ஆளு வருதா?"

காலடிச் சத்தம் மாறியிருந்தது, மூச்சுச் சத்தம் மாறியிருந்தது, உடம்பு வாசம் முழுக்க மருந்தாகியிருந்தது. குருடிக்கு ஆள் என்றால் இவைதான். இதெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது, மீதி இருப்பது வெறும் குரல். அவர் கணக்கில் தப்பு எங்கே என்று கண் இருக்கிற எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் வடக்கிலிருந்து வந்தார். மனைவியைப் பார்த்து, "ஆளே மாறிட்டே போ" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அன்றைக்கே அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். "அவ மண்ணு காயறதுக்குள்ள இன்னொருத்தியக் கொண்டாந்துட்டயேடா பாவி." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பிறகு வண்டியில் ஏதோ ரிப்பேர் என்று கிளம்பிப் போய்விட்டார்.

மாமியார் புதியவளை மரியாதையாகத்தான் நடத்தினார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், அந்த ஊர்ப் பேச்சில் ஒறம்பரையிடம், பேசுவது போல, சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்று விசாரிப்பார். ஆனால் தொடவிட மாட்டார். கொல்லைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு தானே போனார். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் வழுக்கி விழுந்திருக்கிறார். அக்காவால் குனிந்து தூக்க முடியவில்லை, கையைக் கொடுத்தால் அவர் பிடிக்கவில்லை. நீங்க போய்ப் படுங்க, டீச்சரம்மா வருவாங்க என்றிருக்கிறார். அதனால் அக்காவும் இடுப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே, கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ, இரண்டு பேர் சேலையும் நனைந்திருந்தது.

தையலின் இடது ஓரம் ஆறவில்லை, விட்டுக்கொண்டது. நன்றாகத் தூங்க வேண்டும், கவலைப்படக் கூடாது என்றார் டாக்டர். அக்காவுக்குத் தோலும் வேண்டாம், வடிவமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கிழவி இன்னொரு தடவை அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும்.

சாயங்கால நடைக்கு மாமியார் என்னைத்தான் கூப்பிட்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை. மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் கையை வைத்துக்கொள்வார். கட்டைவிரல் ஒரு சின்னக் கல்லை உருட்டிக்கொண்டிருக்கும். "ஏஞ் சாமி, உங்கப்பன் ஊட்டு ஆளுக ஒருத்தருங்கூட வல்லயே" என்று தொடங்கி எல்லாக் கதையும் சொல்வார். நடுவில் நிறுத்திக் காத்திருப்பார். பதில் வராமல் முகம் தொங்கிப் போகும். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒருநாள் எங்களுக்குப் பின்னால் அக்காவும் வந்தார். கூன் போட்டு, பெல்ட்டை ஒரு கையால் தாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

"ராத்திரி பனி உழுவுது சாமி. குளுருதா?" என்றார் மாமியார், மண்ணைப் பார்த்து.

"இல்லைங்கத்தை."

மாமியாரின் முகம் மலர்ந்தது. திடுக்கிடவில்லை, அதுதான் பயங்கரம். பஸ் தாமதமாக வந்தால் ஏறிக்கொள்கிற மாதிரி, "வந்துட்டயா சாமி, எத்தன நாளாக் கூப்படறது" என்றார். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் இதுதான். உயிரோடு இருக்கிற பெண், தன்னைப் புதைத்த இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, செத்துப்போனவளாகப் பேசினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "இது என்ன கூத்து அக்கா? நீங்களே உங்களைப் பொணமாக்கிக்கிறீங்க" என்று கத்தினேன்.

"என்ன பண்றதுங்க டீச்சர்? ஊட்டுக்குள்ள இருந்தா ஒறம்பரை. அங்க போய் உக்காந்தாத்தான் சாமிங்கறாங்க" என்றார்.

ஒரு சாயங்காலம் மாமியார் மேட்டிடம் குரலைத் தாழ்த்தினார். "சாமி, ஊட்டுக்கு ஒருத்தி வந்திருக்கறா. உன்ற புருசன் கொண்டாந்தது. நல்லாத்தான் ஆக்கறா, ரசம் உன்ற கைப்பக்குவம் மாதிரியே வைக்கறா. எனக்குத்தான் மனசு ஒப்பல."

காற்றில் சோளத்தட்டு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவ நல்லவதானுங்கத்தை" என்றார் அக்கா பிறகு. "பாவம், அவளுக்கும் யாருமில்லை. ஊட்டுக்குள்ள உட்டுக்குங்க."

"நீ சொல்றயா?"

"நாந்தான் சொல்றனுங்க."

"அவளைச் சேத்துக்கிட்டா நீ வருத்தப்பட மாட்டயே சாமி?"

"மாட்டனுங்கத்தை. நான் அக்கட்ட தள்ளிக்கறன்."

நான் எழுந்து வாய்க்கால் வரைக்கும் நடந்து போய் அழுதுவிட்டு வந்தேன். பிறத்தியாருக்கு வழி விட்டு வழி விட்டு வந்த பெண் கடைசியில் தனக்கே வழி விட வேண்டியதாயிற்று.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிறபோது மாமியார் என் கையை விட்டுவிட்டு, "ஏனம்மா கண்ணு, இங்க வா" என்றார். அக்கா ஓடாத குறையாக முன்னால் போனார். மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குத் தோள்தான். அக்காவை அவர் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார். சாமி மட்டும் மேட்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் அக்கா தேறினார். தையல் ஆறியது, குழாய் போனது, பெல்ட் போனது. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார். மேட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். இனி எதுக்குங்க என்றார்.

எனக்குச் சேலத்திலேயே, அயோத்தியாப்பட்டணம் பக்கம், ஒரு பள்ளியில் வேலை கிடைத்துக் காலி செய்துகொண்டு வந்தேன். அடுத்த வருஷம் ஊர்த் திருவிழா, அவர்கள் சொல்கிற நோம்பி சமயத்தில் பார்க்கப் போனேன்.

அக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல வடிவான, ஒடிசலான ஒருத்தி. பெஞ்சு மூன்று பேர் உட்காரும் அளவுக்கு நீளம், அவர் கோடியில் இருந்தார். எதிர் நாற்காலியில் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். வாசல் தூணிலிருந்து காட்டு மூலை வரைக்கும் ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது.

"அத்தை புடிச்சுக்கிட்டுப் போறதுக்குங்க" என்றார்.

இன்னும் போகிறார்களா என்று கேட்டேன்.

"தெனமும் போறாங்க டீச்சர். நான் போயி ரொம்ப மாசமாச்சு. யாரும் போறதில்லை. ஆனா அவிங்களுக்குப் பதில் வருதாமுங்க." காபி தம்ளரைக் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். "போன வாரம் வந்து கேக்கறாங்க, நேத்து குளிக்கற பொடக்காலில கொழாயத் தொறந்து உட்டுட்டு அழுதியாமா, ஏன்னு. அழுதனுங்க. சத்தம் வெளிய கேக்காதுங்க டீச்சர். உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டா, அவதான் சொன்னாங்கறாங்க."

கண் இல்லாதவர்களுக்குக் காது கூர்மை என்று நான் சொன்னேன். சொன்ன வேகத்திலேயே அது எனக்குப் போதவில்லை. ஏன் அழுதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

அப்போது கயிறு அசைந்தது. மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். வலது கை கயிற்றில். இடது கை பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தது. கட்டைவிரல் உருண்டுகொண்டே இருந்தது. ரொம்ப மெதுவாக வந்தார். இரண்டடி வைத்து நின்றார், பக்கத்தில் வருகிறவருக்காக நிற்கிற மாதிரி. அக்கா பழைய உடம்போடு நடந்த நாளில் அப்படித்தான் நின்று நின்று போவார்கள்.

வாசலுக்கு வந்து கயிற்றை விட்டார். பெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணு, கொஞ்சம் எடம் உடு. இன்னைக்கு ஊட்டுக்கே வாரேன்னுட்டா. பாவம், மூச்சு வாங்குது அவளுக்கு" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மாமியாரையும் பார்க்கவில்லை. மாமியாருக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தை, மூன்று பேர் பெஞ்சில் இரண்டு பேர் அளவுக்கு வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தார். ஏற்கெனவே கோடியில்தான் இருந்தார். அதற்கு மேல் நகரப் பெஞ்சு இல்லை. எழுந்தார். மூச்சைப் பிடித்து, இல்லாத வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"உக்காருங்க" என்றார் பெஞ்சைப் பார்த்து. "நான் அக்கட்ட தள்ளிக்கறனுங்க."